மஞ்சள் படிந்த கேள்வித்தாள்

என் பாப்பாவைப் பள்ளியில் சேர்க்கச் சான்றிதழ் ஃபைலைத் துழாவியபோது அது கையில் வந்தது. இன்டர்மீடியட் இரண்டாம் ஆண்டுப் பொருளாதாரக் கேள்வித்தாள். ஓரத்தில் உன் விரல்களின் மஞ்சள். இத்தனை வருடம் வெளிச்சம் படாததால் வெளுக்காமல் இருக்கிறது. வீடு தூங்கிவிட்டது, எனக்குத்தான் தூக்கமில்லை. திருப்பதியில் இந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு நீ வந்ததே இல்லை. வருவதற்கு உன்னை உயிரோடு இருக்க விட்டால்தானே.

நகரியிலிருந்து புத்தூர் காலேஜுக்குப் போகும் பஸ்தான் நமக்கு வகுப்பு. பாடம் தெலுங்கில் இருக்கும். நீ அதைத் தமிழில் உடைத்துச் சொல்வாய். புரிந்ததும் மறுபடி தெலுங்கில் உருப்போடுவோம். விலை ஏறினால் தேவை ஏன் குறைகிறது என்பதை உங்கள் விசைத்தறிச் சேலையை வைத்தே விளக்கினாய். ஜன்னல் தூசியில் தேவைக்கோட்டை விரலால் இழுத்து, "கோடு சரியா வந்தா பாதி மார்க்குடி" என்பாய். நீ பேங்க் வேலைக்குப் போவது அந்த ஜன்னலோரத்திலேயே முடிவாகியிருந்தது.

பாலசமுத்திரத்து மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தினார்கள். பொருளாதாரப் பரிட்சை அன்றைக்கு நலங்கு, மறுநாள் முகூர்த்தம். நீ அழுததற்கு உன் நைனா சொன்னது இவ்வளவுதான்: "பரிட்ச எங்க ஓடிப்போவுது? சப்ளிமெண்டரில எழுதிக்கலாம். அப்புறம் பாத்துக்கலாம்." உனக்குப் பதினெட்டு முடியட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு இன்னும் ஒரு வாரம் காத்திருக்க முடியவில்லை.

பரிட்சை எழுதிய கையோடு உன் வீட்டுக்கு வந்தேன். மணையில் உட்கார்ந்திருந்தாய், முகமெல்லாம் கையெல்லாம் மஞ்சள். என்னைக் கண்டதும் கையை நீட்டினாய். கேள்வித்தாளை மடியில் விரித்து, முதல் கேள்வியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தணிந்த குரலில் பதில் சொல்ல ஆரம்பித்தாய். தெலுங்கில், பாடத்தில் உள்ளபடி, பிசகாமல்.

"இன்னாடி இது, ஐயரு வேலையும் பொண்ணே பாக்குது. மந்திரம் சொல்லிக்கினு குந்தியிருக்கு பாரு" என்றாள் உன் அத்தை. கூடமே சிரித்தது. நீ நிறுத்தவில்லை.

"தேவை விதிக்கு விலக்கு கேட்டிருக்கான். எழுதினியா?"

"மறந்துட்டேன்டி."

"எத்தினி வாட்டி சொன்னேன். நானா இருந்தா முழு மார்க்கு."

அப்போதுதான் உன் கண் கலங்கியது. மஞ்சள் கண்ணில் பட்டுவிட்டதென்று அத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

சப்ளிமெண்டரி வந்தபோது உனக்கு மசக்கை. அடுத்த வருடம் கைக்குழந்தை. அதன்பின் நீயும் பரிட்சைப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டாவது பிரசவத்தில் உதிரம் நிற்காதபோது, சித்தூருக்குத் தூக்கிப் போகலாம் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளாம். விடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம் என்றார்களாம் உன் புகுந்த வீட்டார். விடிந்தது. எனக்குப் போன்தான் வந்தது.

நீ புரியவைத்த பாடத்தை எழுதித்தான் நான் பாஸானேன், டிகிரி படித்தேன். அதற்காக யாரும் உன்னை நினைக்கப் போவதில்லை. நலங்கு மணையில் நீ சொன்ன பதில்களுக்கு மார்க் போட எவரும் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் நான் சமைத்துக்கொண்டிருந்தபோது பாப்பா சிலேட்டோடு வந்து நின்றாள். தானே எழுதிய முதல் எழுத்தைப் பார்க்கச் சொல்லி நைட்டியைப் பிடித்து இழுத்தாள். திரும்பாமலே சொன்னேன்: "அப்புறம் பாத்துக்கலாம்."

சொன்ன வாய் எனக்கே கசந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, அவள் எழுதியதைப் பார்த்தேன்.