கன்னத்துக்குள் இருந்த காற்று

அக்கா,

இன்று காலை பல்வலிக்குக் கிராம்புத் தைலம் தொட்டு வைத்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், மறுபடி அந்தத் தென்காசிப் பல் ஆஸ்பத்திரி பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியும் உன் இடது கன்னத்துக் கனம் குறையவில்லை. குற்றாலத்தில் குளித்தபோது தண்ணீர் ஏறியிருக்கும் என்றோம். டாக்டரம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. முப்பரிமாண எக்ஸ்ரே படம் எடுக்கணும், முகத்தில் பொட்டளவு உலோகம்கூட இருக்கக் கூடாது என்றார். உன் கை மூக்குத்தியைப் பொத்திக்கொண்டது.

"அவுக சுரண்டைக் கடையில குத்துக்கல்லா இருக்காக. மூக்கை மொட்டையா வைக்கச் சொல்லுதியளே" என்றாய், சுரண்டையில் கடை வைத்திருந்த அத்தானை நினைத்து.

புருஷன் இருக்கும்போது மூக்குத்தியைக் கழற்றினால் பாவம் என்று நானும் நம்புகிறவள்தான். ஆனாலும் என்னுடையதை முதலில் கழற்றி முந்தானையில் முடிந்தேன். "பாவம்னா ரெண்டு பேருக்கும் வரட்டும். கழட்டு."

"ஏட்டி, உன் மூக்கு இம்புட்டு சப்பையா?" என்று சிரித்தபடியே திருகாணியைச் சுழற்றினாய்.

மேல்தாடைக்கு மேலே, கன்ன எலும்புக்குள், இருபுறமும் காற்று நிறைந்த அறை உண்டாம். படத்தை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் காற்று இருக்கும் இடத்தை அளந்து கூட்டினால் கொள்ளளவு வந்துவிடும். வீட்டுக்கணக்கு எழுதிப் பழகிய எனக்கு அது புரிந்தது. உன் இடப்பக்கத்தில் வலப்பக்கத்துக் காற்றில் பாதிதான் இருந்தது. மீதியை என்னமோ அடைத்திருந்தது. சீழானால் மருந்தில் வடிந்து காற்று கூடும், கட்டியானால் இன்னும் குறையும் என்றார் டாக்டரம்மா.

மாத்திரை தீரும்வரை நான் குற்றாலநாதரிடம் ஒன்றையே கேட்டேன்: கூடட்டும். நீ பேசும்போதெல்லாம் உன் கன்னத்தையே பார்த்தேன். "என்னட்டி, எடை போடுதியா?" என்பாய்.

மறுபடி அளந்ததும் டாக்டரம்மா திரையை என் பக்கம் மட்டும் திருப்பினார். நீ விடவில்லை.

"எங்கிட்ட காட்டுங்கம்மா. என் மூஞ்சிதான?"

காற்று ஒரு கீற்றாக ஒதுங்கியிருந்தது. நீ கண் எடுக்காமல் பார்த்தாய். "திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குப் போகணும், அப்படித்தான?" என்று நீயே கேட்டாய். பிறகு என்னிடம், "சாமிகிட்ட சண்டைக்குப் போவாத. வா, பஸ்சைப் பாப்போம்."

அந்தக் கட்டிதான் உன்னைக் கொண்டுபோனது.

நான் சண்டைக்குப் போகவில்லை, அக்கா. தினமும் விளக்கேற்றுகிறேன். கூட்டிக்கொடு, குறைத்துக்கொடு என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டேன். எது வந்தாலும் உன்னைப்போல் நேராகப் பார்க்கிற கண்ணைத்தான் கேட்கிறேன்.