கத்தரிக்கோலும் நாலு சுவிசேஷமும்

10.10.1999, ஞாயிறு
ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசித்தார்கள். நவம்பர் 28-ஆம் தேதி பேராயர் வருகிறார், திடப்படுத்தல் ஆராதனை. எங்கள் திருவொற்றியூர் சபையில் பத்தொன்பது பிள்ளைகள் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, விசுவாசிக்கிறேன் என்று சொந்த வாயால் சொல்லி, முதல் நற்கருணை வாங்கப்போகிறார்கள். ஒன்பதாவது பெயர் என் பேத்தி மகிமா. பெயர் வாசித்தபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை. மற்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்க்கட்டும் என்று நேராக உட்கார்ந்திருந்தேன். பெண்கள் சங்கத் தலைவி ரோசிக்கு மட்டும் போன ஞாயிறே சொல்லிவிட்டேன்.

11.10.1999
மகிமா நிற்கமாட்டாளாம்.

12.10.1999, செவ்வாய்
நேற்று அதற்கு மேல் எழுத வரவில்லை. கோபம்தான், வேறொன்றுமில்லை.

அவள் கல்லூரியில் முதல் வருஷம், சரித்திரம். பழைய எழுத்து எது கையில் வந்தாலும், எழுதினது யார், எப்போது எழுதினான், அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்களாம். இவள் பைபிளை எடுத்துக் கேட்டிருக்கிறாள்.

"ஆச்சி, இயேசு உயிர்த்தெழுந்த அன்னைக்குக் கல்லறைக்குப் போனது யார் யாரு?"

வேத வினாப் போட்டியில் எட்டு வருஷம் பரிசு வாங்கியவளிடம் கேட்கிற கேள்வியா? "மகதலேனா மரியாளும் மத்த பொம்பளைங்களும்" என்றேன்.

"மத்தேயுல ரெண்டு பேரு. மாற்குல மூணு. யோவான்ல ஒரே ஆளு. சரி, அங்க இருந்த தூதன் ஒண்ணா, ரெண்டா?"

எட்டுப் பரிசும் அலமாரியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தன.

"உண்மையான்னு எனக்கே தெரியாம, அத்தனை பேர் முன்னாடி விசுவாசிக்கிறேன்னு சொன்னா அது பொய்தானே?" என்கிறாள். பொய் சொல்லக்கூடாதுன்னு அடிச்சு வளர்த்தது யாரு? நான்தானே. அதையே எடுத்து என் மேல வீசுறா!

"இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் பொறு. நானே விசாரிக்கிறேன்" என்றேன்.

"அஞ்சாங்கிளாஸை வச்சுக்கிட்டா?"

"நாலு புஸ்தகம்தானே. நான் அஞ்சு வரைக்கும் படிச்சிருக்கேன்."

சிரித்துவிட்டாள். பேச்சு அறுந்துபோகவில்லை, அது போதும்.

15.10.1999, வெள்ளி
மத்தேயுவிலிருந்து யோவானுக்குப் புரட்டுவதற்குள் மத்தேயு மறந்துபோகிறது. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஆகும். கட்டு விட்டுப்போன பழைய பைபிள் ஒன்று இருந்தது. முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன். முதல் வெட்டில் உடம்பு சிலிர்த்தது. அப்புறம் பழகிவிட்டது. போன வருஷக் காலண்டர் தாளின் பின்பக்கம் நாலு பத்தியாகக் கோடு போட்டு, மைதாப் பசை தடவி ஒட்டினேன். ஒட்டின பிறகுதான் தெரிந்தது, கதையின் மீதி தாளின் மறுபக்கத்தில், பசைக்குள்ளே கிடக்கிறது.

இதற்கு இரண்டு பைபிள் வேண்டும். ரோசியிடம் பழசு ஒன்று கேட்டு வாங்கினேன். எதற்கென்று சொல்லவில்லை.

17.10.1999, ஞாயிறு
ரோசி காப்பி குடிக்க வந்தவள் சுவரில் நான் மாட்டியிருந்த தாளைப் பார்த்துவிட்டாள். "அக்கா, நான் குடுத்த வேதமா இது?" என்றாள். காப்பியைத் தொடவில்லை. சாயங்காலத்துக்குள் சபை முழுக்கத் தெரிந்துவிட்டது, அன்னபாக்கியம் வேதத்தை வெட்டுகிறாள் என்று.

19.10.1999
தவசிமுத்து ஐயர் வந்தார், எங்கள் சபை போதகர். கண்டிக்கத்தான் வந்திருப்பார். தாளின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு, "அம்மா, லூக்கால ரெண்டு வசனம் விட்டுப்போச்சு. கத்தரிக்கோல் இருக்கா?" என்று கேட்டார்.

22.10.1999, வெள்ளி
பக்கத்து வீட்டுக் கன்னியம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவள். அம்மனைக் கும்பிடுகிறவள், இந்தக் கதை ஒன்றும் அறியாதவள்.

"இன்னாக்கா, செவுத்துல பேப்பரா ஒட்டி வச்சிகினு கீற?"

விஷயத்தைச் சொன்னேன். நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள், அதுதான் குழப்பம் என்றேன். அவளுக்குக் குழப்பமே இல்லை.

"ஏலத்துல தகராறு வந்தா நாங்க ஒவ்வொருத்தியா தனியா இட்டாந்து கேப்போம். நாலு பேரும் ஒரே மாரி ஒப்பிச்சா, சொல்லிக் குடுத்து இட்டுனு வந்துகீறாங்கன்னு அர்த்தம். முன்ன பின்ன இருந்தாத்தான்க்கா அவ பாத்தவ."

இதை மகிமாவிடம் சொன்னேன். "முன்னபின்ன இருந்தா நிஜம்னா, எல்லாப் புளுகும் நிஜம்தான் ஆச்சி" என்கிறாள். சரி, சோதித்துப் பார்த்துவிடலாம்.

30.10.1999, சனி
என் மகன் அய்யாத்துரை 1994-இல் சாத்தாங்காட்டில் இரும்புக் கடை திறந்தான். அன்றைக்கு என்ன நடந்தது என்று நாலு பேரைத் தனித்தனியாகக் கேட்டு எழுதினேன், பத்தி பிரித்து.

அய்யாத்துரை: நல்ல மழை. பெயர்ப் பலகை சரிந்து அவன் தோளில் விழுந்தது. ரோசி (இப்போது என்னோடு மறுபடி பேசுகிறாள்): மழையே இல்லை, பலகை விழுந்தது, தான் பாடின பாட்டுத்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்குமாம். கன்னியம்மா: ஜெபம், பாட்டு எதுவும் தெரியாது, பலகை விழுந்தது, லட்டு பத்தாமப் போச்சு. தவசிமுத்து ஐயர்: தூறல். பலகை விழுந்த உடனே தான்தான் ஜெபம் பண்ணினாராம்.

எவ்வளவு அழகாக வந்திருக்கிறது! எல்லார் சொல்லிலும் பலகை விழுகிறது.

31.10.1999
மகிமா தாளைப் பார்த்தாள். "ஆச்சி, ஐயர் இந்தச் சபைக்கு மாத்தலாகி வந்ததே 95-லதானே?"

ஆமாம். அவர் வந்தது கடையின் முதல் வருஷ ஜெபத்துக்கு. அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு, திறப்பு விழாவிலேயே இருந்ததாக அவரே நம்பிவிட்டார். நான் சொன்னதும் அவருக்குக் காது சிவந்துபோனது. "நான் பொய் சொல்லலையேம்மா, எனக்கு அந்தப் பலகை விழுந்த சத்தம்கூடக் கேக்குதே" என்றார்.

மகிமா என் முகத்தையே பார்த்தாள். இப்போது என்ன சொல்வேன்? ஒரு போதகரே இப்படி என்றால், மத்தேயு?

3.11.1999
எனக்கே சந்தேகம் வந்துவிட்டதா? வந்துவிட்டது. எழுதிவிட்டேன். இடி ஒன்றும் விழவில்லை.

7.11.1999, தீபாவளி
கன்னியம்மா வீட்டு வெடிச் சத்தத்தில்தான் அது தோன்றியது. ஓடிப்போய் மகிமாவை எழுப்பினேன்.

"ஐயர் சொன்னது தப்புன்னு எப்படிடி கண்டுபிடிச்ச?"

"மத்த மூணு பேரும் அவரைச் சொல்லலை. மாத்தலான வருஷமும் இடிச்சுது."

"அப்போ நாலு சாட்சி இருந்ததாலதானே தப்பு வெளிய வந்துச்சு? ஒரே ஆளு எழுதியிருந்தா ஐயர் இன்னும் அங்கயே நின்னு ஜெபம் பண்ணிக்கிட்டிருப்பார்."

போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். "அது பாயிண்ட்தான் ஆச்சி" என்றாள். தலை எல்லாம் கலைந்து, கண் பாதி மூடி. அதிரசம் தின்றதைவிட இனிப்பாக இருந்தது.

14.11.1999, ஞாயிறு
சந்தோஷம் ஒரு வாரம்தான். ஐயர் புதிய மொழிபெயர்ப்பு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மாற்கு கடைசி அதிகாரத்தில், பெண்கள் பயந்து ஓடினார்கள் என்பதற்குப் பிறகு உள்ள பன்னிரண்டு வசனம் அடைப்புக்குள் இருக்கிறது. மிகப் பழைய பிரதிகளில் அது இல்லையாம். எனக்கு முதல் பரிசு வாங்கிக் கொடுத்த அதிகாரம் அது.

"தெரிஞ்சும் ஏன் ஐயா பிரசங்கத்துல ஒரு வார்த்தை சொல்லலை?"

"பயம்தாம்மா. உங்களை மாதிரி ஆட்கள் உடைஞ்சுபோவீங்கன்னு."

"நாங்க என்ன மண்சட்டியா?" என்று கேட்டுவிட்டேன். போதகரிடம் இப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை. அவர் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

ராத்திரி யோசித்தேன். மறைக்கிறவன் அடைப்புப் போட்டுக் காட்டுவானா? நமக்குச் சங்கடம் என்று தெரிந்தும் போட்டிருக்கிறார்களே.

21.11.1999, ஞாயிறு
சுவரில் உள்ளதை மகிமாவுக்கு வாசித்துக் காட்டினேன். எத்தனை பேர் போனார்கள், எத்தனை தூதன், எனக்குத் தீர்க்கத் தெரியவில்லை. தெரியாது என்றே எழுதி வைத்தேன். ஆனால் நாலு பத்தியிலும் முதலில் போனது பெண்கள். கல்லறை காலி.

ஒரு சமயம் விம்கோ நகரில் லாரி மோதினதை என் கண்ணால் பார்த்தேன். என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, பிறகு வந்த ஆண்பிள்ளையிடம் போலீஸ்காரர்கள் விவரம் எழுதிக்கொண்டார்கள். இந்தக் காலத்திலேயே இப்படி. அந்தக் காலத்தில் கதை கட்டுகிறவன் பெண்களையா சாட்சிக்கு அனுப்புவான்? தலைமைச் சீஷன் பேதுருவை அல்லவா முதலில் அனுப்பியிருப்பான்?

மகிமா நாலு பத்தியையும் விரலால் தொட்டுத் தொட்டு மறுபடி வாசித்தாள். "நல்ல சாட்சி ஆச்சி. நிஜமாவே. ஆனா அங்கேயிருந்து விசுவாசிக்கிறேன்னு சொல்றதுக்கு எனக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கு" என்றாள். பிறகு மெதுவாக, "நீ கேட்டா உனக்காக நிக்கிறேன்" என்றாள்.

பசைக் கிண்ணத்தைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

24.11.1999
ஒரு வார்த்தை சொன்னால் போதும். நிற்பாள். பேராயர் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார். ரோசி பார்ப்பாள்.

26.11.1999, வெள்ளி
"எனக்காக நிக்காதே" என்று சொல்லிவிட்டேன். "சாட்சிக்குச் சொல்லிக் குடுத்து இட்டுனு வரக் கூடாது." கன்னியம்மாவைப் போலவே சொன்னேன். மகிமா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் கொஞ்சம்.

ஐயரிடம் நானே போய்ப் பெயரை எடுக்கச் சொன்னேன்.

28.11.1999, ஞாயிறு
பதினெட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். மகிமா வருவாள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளை சொல்லும்போதும் முன்னால் சாய்ந்து கேட்டாள்.

வெளியே வந்ததும் ரோசி விடவில்லை. "என்னக்கா, உங்க பேத்தி வரிசையில காணோம்?" நாலு பேர் காதில் விழுகிற மாதிரிதான் கேட்டாள்.

"அவ இன்னும் விசாரிச்சுக்கிட்டிருக்கா" என்றேன். நேராக நின்றுதான் சொன்னேன்.

செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது மகிமா ஐயரைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், அடுத்த திடப்படுத்தல் எந்த மாசம் என்று ரகசியமாகக் கேட்டாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். கேட்காதது போலச் செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருந்தேன்.