டிம்பனி வாசித்த அண்ணனுக்கு

உயிருக்கு உயிரான ஜெயராஜ் அண்ணா,

உன்னைக் கொன்றவன் நேற்று நம் வீட்டுக்கு வந்தான். ஜாமீனில் இருப்பவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். நம் ஃபேக்டரியில் பிரஸ் மெஷினின் பாதுகாப்பு சென்சாரை அணைத்து வைத்ததால்தான் ஒரு பெண்ணின் விரல்கள் போயின என்று நீ புகார் எழுதிக் கொடுத்தாயே, அதற்காகக் காண்ட்ராக்டர் அனுப்பிய ஆள்.

அந்த ஞாயிறு மதியம் கும்மிடிப்பூண்டி சர்ச் ஹாலில் நடந்தது உனக்கு எவ்வளவு தெரியும்? வெல்டரும் நர்சும் பேக்கிங்கில் நிற்கும் நானும் சேர்ந்த ஆர்க்கெஸ்ட்ரா நம்முடையது. தந்தியே அறுந்தாலும் நிறுத்தக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது மாஸ்டர் போட்ட சட்டம். அன்று அவர் வரவில்லை. முதல் வயலின் வாசிக்கும் நான்தான் முன்வரிசையில் உட்கார்ந்தபடி நடத்தினேன். சிம்பொனியின் மெதுவான பகுதி. எங்கள் எல்லோருக்கும் பின்னால் நீ, உன் இரண்டு டிம்பனி முரசுகளோடு, இன்னும் இருபது பார் தாளத்தை எண்ணியபடி சும்மா நிற்க வேண்டியவன்.

முரசில் தொம்மென்று ஒரு அடி. இன்னொன்று. நீதான் முந்திவிட்டாய் என்று எனக்குச் சுர்ரென்று வந்தது. திரும்பாமலே கத்தினேன், “ஒழுங்கா எண்ணிக்கினு வா ண்ணா.”

மூன்றாவது அடிக்குத்தான் திரும்பினேன். உன் தலையை முரசின்மேல் அழுத்திப் பிடித்து இரும்பு ராடால் அடித்துக்கொண்டிருந்தான் அவன். வயலினாலேயே அவன் நெற்றியைப் பிளந்தேன். என்னைத் தள்ளிவிட்டு ஓடினான். மற்றவர்கள் பார்த்தது அவன் முதுகை மட்டும். நீ கடைசியாகக் கேட்டது என் திட்டுதானா, அண்ணா?

நேற்று நிதானமாகத்தான் பேசினான். “அல்லாரும் முதுகு காட்டிக்கினு தானே குந்தினு இருந்தீங்க? கோர்ட்ல அதையே சொல்லிடு. உனுக்கும் பேஜாரு இல்ல, எனுக்கும் இல்ல.”

அடுப்பில் கொதித்த கஞ்சியை அப்படியே அவன் தொடையில் கொட்டினேன். அலறிக்கொண்டு ஓடினான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். அம்மா ஊரைவிட்டே போய்விடலாம் என்று அழுகிறாள். நம் ஆர்க்கெஸ்ட்ரா ஆட்களுக்குச் சாட்சி சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

வியாழக்கிழமை திருவள்ளூர் கோர்ட்டில் என் சாட்சி. டிம்பனிச் சத்தம் என்றுதானே நினைத்தாய் என்று அவன் வக்கீல் கட்டாயம் கேட்பான். நான் உன்னைத் திட்டியது அம்மாவுக்கு இதுவரை தெரியாது. அங்கே உட்கார்ந்து அதைக் கேட்கப் போகிறாள். ஆமாம், திட்டினேன் என்பேன். பிறகு அவன் முகத்தைக் காட்டுவேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
ஸ்டெல்லா