அப்பா கட்டிய மலை

நைரோபி
14-9-1986

அன்புள்ள அக்காவுக்கு,

பாலு எழுதுவது. நீயும் அத்தானும் வள்ளியும் சுகமென்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

உன் தந்தி கைக்கு வந்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. ஒரே பிள்ளை, அப்பா முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்னொன்று உறுத்துகிறது. லீவு முடிந்து தில்லியிலிருந்து வந்த வெங்கடராமன் சொன்னார்: அப்பாவின் பாடையை முன்னால் தூக்கிப் போனது யாரோ ஒரு சர்தார்ஜியாமே? தலைமாட்டில், நான் நிற்க வேண்டிய இடத்தில்! நம் ஜனம் ஒருத்தரும் கிடைக்கவில்லையா அக்கா? லக்ஷ்மிபாய் நகரில் திருநெல்வேலிக்காரர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்!

கோபத்தில் பழசெல்லாம் ஞாபகம் வருகிறது. அப்பா ஆபீசில் ட்ராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்து ட்ராஃப்ட்ஸ்மேனாகவே ரிட்டயர் ஆனார். பரீட்சை எழுதுங்கள், பிரமோஷன் வரும் என்று அம்மா தலைபாடாய் அடித்துக்கொண்டாள். அவரோ சூரசம்ஹாரத்துக்குப் பொம்மை செய்ய மூங்கிலும் சாக்கும் காகிதக் கூழுமாக உட்கார்ந்திருப்பார். ஐப்பசி பிறந்தால் நமக்குப் படுக்க இடமிருக்காது, சூரன் படுத்திருப்பான். பள்ளிக்கூடத்தில் என்னை 'ராட்சஸ் கா பேட்டா', ராட்சசன் மகன் என்று கூப்பிட்டது உனக்குத் தெரியும்.

இவ்வளவு செய்தாரே, முருகன் அவருக்கு என்ன செய்தான்? பெற்ற பிள்ளையின் தோள்கூடக் கிடைக்கவில்லை. இதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. யாரிடம் சொல்வேன்?

வள்ளிக்கு என் முத்தம்.

உன் தம்பி
பாலசுப்ரமணியம்


லக்ஷ்மிபாய் நகர்
புது தில்லி
29-9-1986

என் தம்பி பாலுவுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். உன் கடிதத்தை முதலில் படித்தபோது அழுகை வந்தது. அப்புறம் கோபம் வந்தது. இப்போது இரண்டும் அடங்கி எழுதுகிறேன். வள்ளி பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா கோ மேரா நமஸ்தே எழுதும்மா" என்கிறாள். எழுதிவிட்டேன்.

அந்த சர்தார்ஜியின் பெயர் மொகிந்தர் சிங். நம் மாடி வீட்டுக்காரர். நீ போன பிறகு குடிவந்தவர். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். இவ்வளவு நாள் உனக்கு எழுதாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். எழுதக் கூடாதென்று தடுத்தவர் இப்போது இல்லை. இனிமேல் நான் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம், பார்க்கில் சூரசம்ஹாரம் முடிந்த மறுநாளே பிரதமரைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்தது. அதற்கடுத்த நாள் காலையில் ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கமாகப் புகை தெரிந்தது. சர்தார்களைத் தேடித் தேடிக் கொல்கிறார்களென்று பேச்சு. உன் அத்தான் கான்பூரில் டூர். அப்பா குளித்து நீறு பூசிக்கொண்டு நேரே மாடிக்குப் போனார். நாலு பேரையும் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டார்.

அந்த வருஷம் அப்பா செய்தது கிரௌஞ்ச மலை. மூங்கில் கட்டி, சாக்குப் போர்த்தி, கூழ் பூசி, நிஜப் பாறை மாதிரியே வர்ணம் அடித்திருந்தார். அசுர வேஷக்காரர்கள் உள்ளிருந்து பாய்ந்து வர வேண்டுமென்று நடுவே கூடாக விட்டிருந்தார். பார்க்குக்கு எடுத்துப் போக டெம்போ வராததால் நம் பின்முற்றத்தில் கூரை முட்ட நின்றது. அதற்குள் நாலு பேரையும் உட்கார வைத்தார்.

எதிர்வீட்டு நல்லசிவம் அண்ணன் பயத்தில் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து, "முடிய எடுத்துட்டா ஆளு தெரியாதுல்லா?" என்றார். அப்பாவுக்கு வந்ததே கோபம்! "அது அவுக சாமிக்கு விட்ட முடி. நெத்தி நீறை அழின்னு ஒருத்தன் சொன்னா அழிச்சிருவீராவேய்?" என்றார். அண்ணன் கத்தரியை மடியில் செருகிக்கொண்டார்.

மத்தியானம் அவர்கள் வந்தார்கள். கம்பி, தடி, மண்ணெண்ணெய் டின். மாடிக் கதவை உடைத்தார்கள். ஆளில்லை என்றதும் நம் வாசலில் வந்து நின்றார்கள். "ஊப்பர்வாலா சர்தார் கஹான் ஹை?" மாடி சர்தார் எங்கே என்று கேட்டார்கள். நான் வள்ளியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றேன்.  அப்பாவின் இந்தியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? அந்த இந்தியிலேயே சொன்னார்: "அந்தர் ஆவோ. தேக்கோ. ஜூத்தா பாஹர்."

பாலு, அவர்கள் செருப்பைக் கழற்றினார்கள்! கொல்ல வந்தவர்கள்! மலைக்கு முன்னால் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேல் சாத்தியிருந்தது. கீழே பார்க்கிலிருந்து கொண்டுவந்த சூரனின் வெட்டுப்பட்ட தலை, கோரைப் பல்லோடு.

அந்த நேரம் பார்த்து உள்ளே சின்னக் குழந்தை இருமியது. எனக்கு உயிர் போய்விட்டது. அப்பா மணியை எடுத்து ஓங்கி அடித்துக்கொண்டே முருகன்மேல் பாட ஆரம்பித்தார். அவர் பாடினால் நீ காதைப் பொத்துவாயே, அதே குரல்தான். அதைப் போல ஒரு பாட்டை என் வாழ்நாளில் கேட்டதில்லை.

பாடி முடித்ததும் அவர்களில் பெரியவன் சூரன் தலையைக் காட்டி, "யே க்யா ஹை, மத்ராஸி?" என்றான்.

"யே ராட்சஸ். ஆத்மி லோக் கோ மார்தா தா. பகவான் இஸ்கோ மார் தியா." மனுஷரைக் கொன்ற ராட்சசன், பகவான் இவனைக் கொன்றுவிட்டார் என்று சொன்னார் அப்பா.

 ஒருவன் கையிலிருந்த கம்பியை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். இன்னொருவன் கும்பிட்டான். பெரியவன் "சலோ" என்றான். போய்விட்டார்கள்.

அப்புறம் நான், "அப்பா, சாமி முன்னால பொய் சொல்லிட்டீயளே" என்றேன். "நான் எங்கட்டி பொய் சொன்னேன்? உள்ள வந்து பாருன்னுதான சொன்னேன்" என்றார். சொல்லிவிட்டு விளக்கில் எண்ணெய் விட்டார்.

ராணுவம் தெருவுக்கு வரும்வரை அவர்கள் அந்த மலைக்குள்தான் இருந்தார்கள். அப்பா அதில் முதுகைச் சாய்த்தபடி பாயில் கிடந்தார். ரசம் சாதத்தை அவரே உருட்டி அந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். "பாலுவுக்கு எழுதட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம். நாம வெளிய சொல்லச் சொல்ல, உதவி வாங்குனவுக தலை குனிஞ்சுக்கிட்டே போகும்" என்றார்.

அப்பா போன அன்றைக்குப் பாடை கட்டும்போது மொகிந்தர் சிங் என் முன்னால் கைகூப்பி நின்றார். "பேட்டி, பாலு நஹி ஆ சகா. மைன் கந்தா தூம்?" என்று பாடைக்குத் தோள் கொடுக்க அனுமதி கேட்டார். நான்தான் அவரைத் தலைமாட்டுக்கு அனுப்பினேன். கொள்ளி உன் அத்தான் வைத்தார். நான் செய்தது தப்பென்றால் என்னைத் திட்டு. அவரைச் சொல்லாதே.

வேளைக்குச் சாப்பிடு. ராட்சஸ் கா பேட்டா என்றார்களே, யார் பிள்ளை நீ என்று இப்போது தெரிந்துகொள்.

அன்புடன்
அக்கா அம்சவேணி


நைரோபி
20-10-1986

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னைத் திட்ட மாட்டேன். நீ செய்ததுதான் சரி. மொகிந்தர் சிங் அவர்களிடம் என் நமஸ்காரத்தைச் சொல்லு. மார்கழியில் லீவு கிடைக்கும் போலிருக்கிறது; வந்து நேரில் பார்க்கிறேன்.

உன் கடிதத்தை வேலையிடத்தில் வைத்துப் படித்தேன். எங்கள் ஃபோர்மேன் கர்தார் சிங், லூதியானாக்காரர், "என்னப்பா, கண்ணு இப்படிச் சிவந்திருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் முழுவதையும் சொன்னேன். டீ ஆறிப்போயிற்று. அவர் எழுந்துபோய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அந்தக் கலவரத்தில் அவருடைய அக்கா மகன் தில்லியில் போய்விட்டானாம். இத்தனை நாள் கூடவே வேலை செய்கிறேன், எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை என்னை இங்குள்ள குருத்வாராவுக்கு அழைத்துப் போனார். நான் சாமி கும்பிடுவதை விட்டு வெகு நாளாயிற்று என்பது உனக்குத் தெரியும். தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கூட்டத்தோடு தரையில் உட்கார்ந்தேன். கர்தார் சிங் எழுந்து, நீ எழுதிய கதையைப் பஞ்சாபியில் சொன்னார். பெண்கள் பக்கமிருந்து விசும்பல் கேட்டது. கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று பிரார்த்தனை செய்தார்கள். அங்கே கிரந்தம் வாசிக்கும் பெரியவர், அப்பாவின் ஆத்மாவுக்காக வேண்டிக்கொள்ளப் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"மானக் சந்த்" என்றார்.

"இல்லை" என்றேன், அத்தனை பேர் நடுவில்.

"மானிக் வாசன்?"

"இல்லை ஜி. மாணிக்கவாசகம்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணை மூடி உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு நிறுத்தி, நிதானமாக, மைக்கில் சொன்னார்: "மாணிக்கவாசகம்." கூட்டம் முழுவதும் "வாஹேகுரு" என்றது.

சரியாகச் சொல்லும்வரை நான் அவரை விடவில்லை, அக்கா.

உன் தம்பி
மா. பாலசுப்ரமணியம்