நம் இருவருக்கும் நடுவே விராலி

திண்டுக்கல்,
ஐப்பசி முதல் வாரம்.

அன்புத் தம்பி இனிகோவுக்கு,

அண்ணன் ஸ்தனிஸ்லாஸ் எழுதுவது. நாங்கள் நலம். உன் மதினியின் முழங்கால் வலியும் நலம். அதையெல்லாம் விடு, வேலி கிடைத்துவிட்டது!

அப்பா வீட்டைப் பிரித்தபோது உன் பாதிக்கும் என் பாதிக்கும் நடுவே சுவர் கேட்டாய். நான் கெஞ்சிய பிறகு, லண்டனில் உன் வாசலில் நிற்பதுபோல் ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும் பாக்ஸ்வுட் வேலிக்கு இறங்கி வந்தாய். இந்த ஐப்பசிக்குள் அது எழாவிட்டால் சுவர்தான் என்றாய். அந்தச் சீமான் செடியைப் பெங்களூரிலிருந்து வரவழைத்தேன். போன ஆண்டுச் சித்திரை வெயிலைப் பார்த்ததும் உயிரை விட்டது. உங்கள் லண்டன் பக்கம் அதைப் புழு தின்று தீர்ப்பதாகப் பிறகு படித்தேன். எங்கே வைத்தாலும் சாகச் சம்மதிக்கிற செடி போலும்.

அடுத்து மருதாணி வைத்தேன். செழித்தது. நோன்புப் பெருநாளுக்கு முந்தைய நாள் பக்கத்துத் தெரு உம்மு சல்மா வந்து, "சார், பிள்ளைக கைக்கு ரெண்டு கொத்து பறிச்சுக்கவா?" என்று கேட்டார். சரி என்றேன். மாலைக்குள் தெருவே வந்து பறித்தது. மறுநாள் ஊரெல்லாம் கை சிவந்திருந்தது, நம் வேலி குச்சியாக நின்றது. பிரியாணி வந்ததையும் மறைக்கக் கூடாது.

உன் மதினி, "யாருக்கும் ஆச வராத செடியாப் பாத்து வைங்க" என்றாள். உடனே தேர்வு வைத்தேன். நைனா முகமதுவின் ஆடுகள் முன்னே இலைகளைப் பரப்பினேன். இட்லிப்பூச் செடியைத் தின்றன. செம்பருத்தியைத் தின்றுவிட்டு இன்னும் கேட்டன. மலையடியில் காடாய் வளரும் விராலித் தழையை முகர்ந்தன, என்னை ஒருமுறை பார்த்தன, போய்விட்டன. "பரீட்ச முடிஞ்சுதா சார்? ஆட்டுக்குப் பசிக்குது" என்றார் நைனா முகமது.

ஆனியில் விராலி நட்டேன். வெயிலுக்கும் வாடவில்லை. இப்போது முழங்காலைத் தாண்டி, எண்ணெய் தடவியதுபோல் மின்னுகிறது. தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன், சிரிக்காதே. கிணற்றடியில் மட்டும் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. செடி போதவில்லை என்று வைத்துக்கொள்.

நேற்று கொத்தனார் சுவருக்கு நூல் பிடிக்க வந்தார். "தம்பி போன்ல சொல்லிட்டாப்ல. கார்த்திக பொறந்ததும் கல்லு எறங்குது" என்றார். வேலியைக் காட்டினேன். "நல்லாத்தேன் இருக்கு சார். ஆனா வேல சொன்னது அவருல்ல?" என்றார். நியாயம்தான்.

படம் அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டு அவரிடம் நீயே ஒரு வார்த்தை சொல்லிவிடப்பா.

சூசையப்பர் உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும். அவர் தச்சர். யாருக்கும் நடுவே சுவர் எழுப்பியதாக நான் எங்கும் படிக்கவில்லை.

உன் அண்ணன்,
ஸ்தனிஸ்லாஸ்