நாற்காலியில் அப்பா

ஜூன் 3, செவ்வாய்

காலையில் லேபில் மேலாளர் என் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. அவருக்குப் பல்வலி என்று மதியம்தான் தெரிந்தது. அதற்குள் நான் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒருவர் வாயை மூடிக்கொண்டால் எனக்குக் கை நடுங்குகிறது. ரத்தப் பரிசோதனை செய்கிறவளுக்கு இது ஆகுமா?

மாலை மனநல ஆலோசகரிடம் அப்பாவைப் பற்றி முதல் தடவையாகச் சொன்னேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சேர்ந்த அன்றிலிருந்து அப்பா என்னிடம் பேசுவதில்லை. ஒரே அறையில்தான் இருப்போம். அம்மாவிடம் சொல்வார், "அவளைச் சாப்பிடச் சொல்லு." அம்மா என் பக்கம் திரும்பி, "சாப்பிடு." பட்டமும் வாங்கியாயிற்று, வேலைக்கும் வந்தாயிற்று. ஊருக்குப் போனால் இன்னும் அப்படித்தான்.

"அடிச்சிருக்காராம்மா?"

"இல்ல மேடம்."

அடித்திருந்தால் சொல்வதற்காவது வசதியாக இருந்திருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

ஆலோசகர் எனக்கு எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டார். "அப்பா இதுல உக்காந்திருக்கார்னு நினைச்சுக்கோங்க. அவர்கிட்டயே பேசுங்க."

முதலில் சிரிப்பு வந்தது. வெறும் பிளாஸ்டிக் நாற்காலி, முதுகில் ஒரு விரிசல். ஆனாலும் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆலோசகர் பக்கம் திரும்பி, "ஏன் என்னை ஒதுக்கினாருன்னு நீங்களே அவர்கிட்ட கேளுங்க மேடம்" என்றேன்.

அவர் மெதுவாக, "நான் உங்கம்மா இல்லம்மா" என்றார்.

பஸ்ஸில் அழுதேன். காலி நாற்காலியிடம் பேசக்கூட எனக்கு இடையில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. வெட்கக்கேடு.

ஜூன் 17, செவ்வாய்

"தொண்டைல அடைக்குதே, அது என்ன?"

பயம் என்றேன்.

"அதுக்குக் கீழ?"

கோபம். கொஞ்சநஞ்சம் இல்லை. நாற்காலியைப் பார்த்துக் கத்தியே விட்டேன். அதற்கும் அடியில் — எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 18

எழுதிவிடுகிறேன். அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் 22, ஞாயிறு

வீட்டுக்குப் போனேன். சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம், "அவ எப்பக் கிளம்புறாளாம்?"

"நான் இங்கதான்ப்பா இருக்கேன். என்கிட்டயே கேளுங்க."

குரல் கிழிந்துதான் வந்தது. ஆனால் வந்துவிட்டது.

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாலு எழுத்து படிச்சா வாய் நீளும்னு அப்பவே தெரியும். அதையும் அவகிட்ட சொல்லு."

அம்மா தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "நீங்களே சொல்லிக்கோங்க. எனக்கு வாய் வலிக்குது."

அப்பா பாதியில் எழுந்து கை கழுவினார். வெளியே பைக் கிளம்பும் சத்தம். இவ்வளவுக்கும் எனக்குக் கிடைத்தது என்ன? அவருடைய முதுகு.

ஜூன் 29, ஞாயிறு

அம்மா போனில்: "இப்ப என்கிட்டயும் பேசறதில்லடி. டீ வேணும்னா செவுத்தைப் பாத்துச் சொல்றாரு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு வாயெல்லாம் கசந்தது.

ஜூலை 1, செவ்வாய்

மேலாளர் இன்றும் பதில் வணக்கம் சொல்லவில்லை. பல்லாக இருக்கும். வேலையைப் பார்த்தேன்.

மாலை ஆலோசகர் நாற்காலியைக் காட்டி, "இன்னைக்கும் அப்பாதானா?" என்றார்.

"இல்ல மேடம். அம்மா."

நாற்காலியை நானே அருகில் இழுத்துப் போட்டேன். அவர் பேசச் சொல்வதற்கு முன்பே வந்துவிட்டது:

"இத்தனை வருஷமா உனக்கு ஏம்மா வாய் வலிக்கல?"