கொசுவத்திப் பையை மறந்தது நான்தான்

இன்று சாயங்காலம் எங்கள் தெருவுக்குக் கொசுப் புகை அடிக்கிற வண்டி வந்தது, அக்கா. டர்ரென்று சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதன் பின்னால் ஓடினார்கள். ஜன்னலைச் சாத்தப் போன நான் சாத்தாமல் நின்றுவிட்டேன். மருந்தும் மண்ணெண்ணெயும் கலந்த வெள்ளைப் புகை சமையலறைக்குள் நுழைந்து, தாளித்த வாசனையை அமுக்கிக் கண்ணை எரித்தது. சத்தியவேட்டில் கொசு ஒன்றும் புதிதில்லை. ஆனால் கொசு என்றாலே எனக்கு உங்கள் ஞாபகம்தான் வருகிறது. இதை நேரில் சொல்லியிருந்தால், "நல்ல பேர் வெச்ச போ" என்று சிரித்திருப்பீர்கள்.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டு மருமகள்கள் நாம். புத்தூரில் நிலத்தையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டிருந்த மூத்தவர் நீங்கள். ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலைக்குப் போகிற சின்னவள் நான். நமக்குள் பெரிய சண்டை என்று எதுவும் நடந்ததில்லை. மாமியார் இறந்த அன்று மட்டும் ஒன்று நடந்தது. நான் ஷிஃப்டில் இருந்தேன். போன் லாக்கருக்குள் இருந்தது. விஷயம் தெரிந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாசலில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் நீங்கள் சொன்னீர்கள்: "போன் எடுக்கக்கூட நேரமில்லாத வேலக்காரி வந்துட்டா, வழி விடுங்க."

அழுது அழுது தொண்டை கட்டியிருந்த குரலில் சொன்னீர்கள். அது இப்போது புரிகிறது. அன்று புரியவில்லை. அதன் பிறகு இரண்டு வருடம் "வாங்க", "வரேன்" என்ற இரண்டு சொல்லோடு காலம் தள்ளினோம்.

அண்ணன் தம்பி இருவரும் நம்மை ஒன்று சேர்க்கத்தான் அந்தத் தசரா விடுமுறைக்குக் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள் என நினைக்கிறேன். கேட்டால் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்றார்கள். வரதய்யபாளையம் தாண்டி மலையடிவாரத்தில், உங்கள் வீட்டுக்காரர், என் மாமாவின் கூட்டாளி ஒருவரின் மாந்தோப்பு. பக்கத்திலேயே ஓடை. திருப்பதியில் வாடகைக்கு எடுத்த இரண்டு கூடாரங்கள். உங்கள் இந்துவுக்கு அப்போது பன்னிரண்டு வயது, என் கவினுக்கு ஐந்து. சாப்பாட்டுச் சாமான் உங்கள் பொறுப்பு. கொசுவத்தி, தேய்க்கிற களிம்பு, இரண்டு கொசுவலை எல்லாம் என் பொறுப்பு. மழைக்காலம், ஓடையோரம், கொசு பிடுங்கிவிடும் என்று மாமா நான்கு தரம் போன் போட்டுச் சொல்லியிருந்தார்.

எல்லோரும் எங்கள் வீட்டில் கூடி ஒரே காரில் கிளம்பி, மதியம் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகள் ஓடையில் இறங்கிவிட்டார்கள். வெயில் சாய்ந்து மலை நிழல் தோப்புக்குள் வந்ததும் முதல் கொசு வந்தது. பிறகு எண்ண முடியவில்லை. காதோரம் ஙொய் என்று ஒரு கூட்டம், காலடியில் சத்தமே இல்லாமல் இன்னொரு கூட்டம். மாமா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தன் வழுக்கைத் தலையைத் தானே பட் பட்டென்று அடித்துக்கொண்டார். கவின் சொறிந்துகொண்டே அழ ஆரம்பித்தான்.

"பைய எடும்மா, கொசுவத்தி கொளுத்தலாம்" என்றார் மாமா.

நான் காருக்குப் போனேன். பின்சீட்டில் பார்த்தேன், டிக்கியில் பார்த்தேன், சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பை இல்லை. கடைசி நேரத்தில் கவினுக்குச் செருப்பு மாட்டிவிடுவதற்காக அதை எங்கள் வீட்டு மாடிப்படியில் வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அது அந்தப் படியிலேயேதான் இருந்திருக்கும். கொசுவைப் பற்றி நான் பயப்படவில்லை, அக்கா. உங்கள் வாயைப் பற்றித்தான் பயந்தேன். இதையும் மறந்துட்டாளா வேலக்காரி என்று நீங்கள் சொல்லப்போவதை மனதுக்குள் கேட்டுவிட்டேன்.

நீங்கள் காருக்கு அந்தப் பக்கம் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்கள். காலியான டிக்கியைப் பார்த்தீர்கள். அவ்வளவுதான்.

"இன்னா, பை எங்க?" என்று மாமா எழுந்து வந்தார்.

"என்னத் திட்டுங்க" என்றீர்கள் நீங்கள். "அவ பைய எங்கிட்டதான் குடுத்தா. டிபன் கேரியர எடுத்துக்கினு வரப்போ அத்த அங்கயே வெச்சிட்டேன்."

மாமாவுக்குக் கோபம் வந்தால் நின்று நிதானிக்கிற வழக்கம் கிடையாது. "ஒரு வேல உருப்படியா செய்ய மாட்டியா நீ? சோறாக்கி எடுத்துக்கினு வந்தா போதுமா? புள்ளைங்கள கொசு துன்னணுமா?" என்று கத்தினார். நீங்கள் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றீர்கள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் திரும்பிப் போய்விட்டார்.

நாம் இரண்டு பேர் மட்டும் எதிரெதிரே நின்றோம். திடீரென்று நீங்கள் கையை ஓங்கி என் கன்னத்தில் பட்டென்று ஓர் அறை விட்டீர்கள். மாமாவும் என் வீட்டுக்காரரும் பதறித் திரும்பினார்கள். "அம்மா!" என்று இந்து கத்தினாள். இரண்டு வருடக் கோபம் வெடித்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீங்கள் உள்ளங்கையை விரித்து என் கண் முன்னால் நீட்டினீர்கள். நசுங்கிய கொசுவும் ஒரு பொட்டு ரத்தமும்.

"பாருடி, எவ்ளோ குடிச்சிருக்குதுன்னு" என்றீர்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. நீங்கள் முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டீர்கள். இரண்டு வருடத்தில் நீங்கள் என்னைத் தொட்டது அன்றுதான் முதல் தடவை.

தோப்பைப் பார்த்துக்கொள்கிற அம்மா ஒருவர் சத்தம் கேட்டு வந்தார். "தோமலு எக்குவம்மா இக்கட" என்று, இங்கே கொசு அதிகம் என நமக்குத் தெரிந்ததையே தெலுங்கில் சொல்லிவிட்டு, ஓடைக்கரையைக் காட்டி, "வாவிலாக்கு வேயண்டி" என்றார். வாவிலி என்றால் நம்மூர் நொச்சி; அதன் இலையைப் போட்டுப் புகைக்கச் சொன்னார். கரை நெடுக மண்டிக் கிடந்தது. அவர் வீட்டிலிருந்து நான்கு வறட்டி கொண்டுவந்து கொடுத்தார். நாம் இரண்டு பேரும் கை நிறைய நொச்சித் தழை ஒடித்து, வறட்டித் தணலின் மேல் போட்டுக் காற்று வரும் பக்கமாகப் பார்த்து மூன்று இடத்தில் புகை போட்டோம். கொசு போனதோ இல்லையோ, மனிதர்கள் எல்லோரும் இருமினோம்.

ஒரு கூடாரத்தின் வலைக்கதவில் ஜிப் பிய்ந்திருந்தது. நீங்கள் உங்கள் மாற்றுப் புடவையை எடுத்தீர்கள். மாம்பழ நிறத்தில் மெல்லிய வாயல் துணிப் புடவை. அதை வாசலில் இரண்டாக மடித்துப் பிடித்தீர்கள். நான் உங்கள் வளையலிலும் என் தாலிச் சரட்டிலும் இருந்த ஊக்குகளை எல்லாம் கழற்றி வரிசையாகக் குத்தினேன். பதினொரு ஊக்கு. கால் பக்கம் போதாமல் கல்லை வைத்து அழுத்தினோம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட சாக்ஸ் மாட்டி, தேங்காய் எண்ணெயில் கற்பூரம் பொடித்துப் போட்டுத் தேய்த்தோம். "சித்தி, கோயில் மாதிரி வாசன வருது" என்றாள் இந்து. அந்தக் கூடாரத்துக்குள் நீங்களும் நானும் பிள்ளைகளை நடுவில் போட்டுப் படுத்தோம். நிறையப் பேசினோம். பாதி மாமியாரைப் பற்றி. கடைசி நாளில் அவர் என்னைக் கேட்டாரா என்று நான் கேட்டேன். "கேட்டாங்க. வேலைக்குப் போய்க்கினு இருக்கிறா, வந்துடுவான்னு சொன்னேன். சரின்னு கண்ண மூடிக்கினாங்க" என்றீர்கள். என்னைக் குத்திக்கொண்டிருந்த முள்ளை நீங்களே பிடுங்கிப் போட்டதுபோல இருந்தது.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

ஊர் திரும்பிய ஆறாம் நாள் இந்துவுக்குக் காய்ச்சல். புத்தூரில் பார்த்துவிட்டுத் திருப்பதிக்கு அனுப்பினார்கள். டெங்கு. நான் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தபோது அவள் முகம் வாடிய வெற்றிலைபோல இருந்தது. ரத்த அணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றன என்றார்கள். மாமா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பிறகு உங்கள் முன்னால் வந்து நின்றார்.

"ஒரு பைய எடுத்துக்கினு வரத் துப்பில்ல. எம் பொண்ணுக்கு எதுனா ஆச்சுன்னா ஒன்ன நான் மன்னிக்கவே மாட்டேன்."

அங்கே இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். "மாமா, அது வந்து..." என்று ஆரம்பித்தும்விட்டேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினீர்கள். எலும்பு வலித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் கொசு பகலில் கடிக்கிறது, வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோகூடக் கடித்திருக்கலாம் என்று டாக்டர் பிறகு சொன்னார். அது மாமாவின் காதில் ஏறவில்லை. நாலாம் நாள் அணுக்கள் ஏறத் தொடங்கின. எட்டாம் நாள் இந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகாவது நான் சொல்லியிருக்கலாம். யார் என் கையைப் பிடித்தார்கள்? பொங்கலுக்குச் சொல்லலாம், நாராயணவனம் கோயிலுக்குப் போகும்போது சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். தள்ளத் தள்ள, சொல்லாமல் இருப்பதே பழகிவிட்டது. நீங்களும் அதைப் பற்றி ஒரு பார்வைகூட எனக்குக் காட்டவில்லை.

போன வருடம் ஆடி மாதம், காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து மார் வலிக்கிறது என்று உட்கார்ந்தீர்களாம். ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே போய்விட்டீர்கள். இந்த முறை என் கையில் போன் இருந்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்து உங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மாமா சிரிக்க முயன்றபடி சொன்னார்: "எல்லாத்தையும் ஞாபகமா செய்வா. அந்தக் கொசுவத்திப் பை ஒண்ணத்தான் மறந்தா. அதுக்கு எவ்ளோ திட்டினேன்!"

என்னால் முடியவில்லை. "அக்கா மறக்கல மாமா. மறந்தது நான்தான்" என்றேன்.

முழுவதையும் சொன்னேன். மாமா எழுந்து மோட்டார் கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் என் வீட்டுக்காரர் சொன்னார்: "இப்ப எதுக்கு அத்த சொன்ன? ஒன் மனசு லேசாயிடுச்சி. அண்ணன் மனசுல கல்லத் தூக்கி வெச்சிட்ட." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உங்களிடம் மன்னிப்புக் கேட்க முடியாத ஒருவரிடம் போய், அவர் உங்களைத் திட்டியது அநியாயம் என்று சொல்லியிருக்கிறேன். பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு பை நிறைய வேர்க்கடலை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமலே இருந்தார்.

"ஏம்மா, அவ எதுக்கு அப்டிச் சொன்னா? ஒங்கிட்ட சொன்னாளா?"

சொல்லியிருந்தீர்கள். கூடாரத்தில் தங்கிய மறுநாள் காலை ஓடையில் பாத்திரம் அலசும்போது நானும் இதையேதான் கேட்டேன். அப்போது நீங்கள் சொன்னதை அவரிடம் அப்படியே ஒப்பித்தேன்: "அவரு என்னத் திட்டுனா அஞ்சு நிமிசத்துல மறந்துடுவாரு. ஒன்னத் திட்டுனா ஒன் ஊட்டுக்காரரு மறக்க மாட்டாரு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் மூஞ்சத் திருப்பிக்குவாங்க. எனக்கு இன்னா, பழகினதுதான்."

மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அஞ்சு நிமிசம்னா சொன்னா?"

"ஆமா மாமா."

"இல்லம்மா" என்றார். "ஆஸ்பத்திரில அவளத் திட்டிட்டு இட்லி வாங்கப் போனேன் பாரு, படிக்கட்டுல எறங்க முடியல. தப்பு பண்ணிட்டேன், மேல போய்ச் சொல்லிடணும்னுதான் வாங்கிக்கினு வந்தேன். அவ புள்ள தலமாட்டுல குந்திக்கினு இருந்தா. அவ மூஞ்சியப் பாத்ததும் வாய் வரல. பொட்டலத்தக் கையில குடுத்து, துன்னுன்னேன். அவ்ளோதான் சொன்னேன். எட்டு வருசமா அத்த நெனச்சிக்கினுதான் இருந்தேன்."

நானும் அங்கேதான் இருந்தேன், அக்கா. அவர் குரல் அப்போதும் கடுமையாகத்தான் இருந்தது. நீங்கள் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் இரண்டு இட்லி வைத்தீர்கள். நாம் இரண்டு பேருமே அதை வெறும் சாப்பாடு என்றுதான் நினைத்தோம்.

உங்கள் கணிப்பில் ஒன்று பிசகிவிட்டது. அவர் மறக்கவில்லை. அவரால் அதை உங்களிடம் சொல்ல முடியாமல் போய்விட்டது, எனக்கும் என்னுடையதைச் சொல்ல முடியாமல் போய்விட்டது. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து நான் இப்போது எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் என் வீட்டுக்காரர் ஏதாவது கத்திவிட்டு வெளியே போய்த் திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் "துன்னியா?" என்று கேட்டால், நான் வீம்புக்கு இல்லை என்று சொல்வதில்லை. தட்டு இரண்டு எடுத்து வைக்கிறேன். அவர் உட்கார்ந்த பிறகு, "இன்னா சொல்ல வந்தீங்க, சொல்லுங்க" என்று கேட்கிறேன். முதலில் முழிப்பார். சில நாள் சொல்லியும்விடுகிறார்.